பாக்கெட் அதேதான், பிஸ்கட்தான் குறைவு: 'ஷ்ரிங்க்ஃபிளேஷன்' என்ற சொல்லின் கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "விலை ஏறிப்போச்சு" என்ற புலம்பலோடு இன்னொன்றும் சேர்ந்தே வரும்: "என்னண்ணே, பாக்கெட்டு இளைச்சுப்போச்சு?" பிஸ்கட்டாக இருக்கலாம், சாக்லெட்டாக இருக்கலாம், சலவைத் தூளாகக்கூட இருக்கலாம். விலைச் சீட்டில் பழைய எண்தான். உறையின் நிறமும் படமும் பழையபடியேதான். உள்ளே மட்டும் ஒரு இருபது கிராம் காணாமல் போயிருக்கும். கடைக்காரரைப் பிடித்துக் கேட்டால் பாவம், அவருக்கும் தெரியாது. பெட்டிக்கு எத்தனை பாக்கெட் என்றுதான் அவர் எண்ணி இறக்குகிறாரே தவிர, ஒவ்வொன்றையும் நிறுத்தா பார்க்கிறார்?

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் ஷ்ரிங்க்ஃபிளேஷன். 'ஷ்ரிங்க்' என்றால் சுருங்குவது, 'இன்ஃபிளேஷன்' என்றால் பணவீக்கம். இரண்டாவது சொல்லின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் எடுத்து முதல் சொல்லோடு ஒட்டிவிட்டார்கள். விலையைத் தொடாமல் பொருளின் அளவை மட்டும் குறைப்பது, அதன் மூலம் கிராமுக்கு இத்தனை சென் என்ற கணக்கில் விலையை ஏற்றிவிடுவது, இதுதான் அர்த்தம். சில சமயம் அளவு குறைவதோடு விலையும் பத்து சென் கூடியிருக்கும். அதையும் இந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள்.

இப்படி இரண்டு சொல்லை உடைத்து ஒட்டுவது ஆங்கிலேயர்களுக்குப் பழைய பழக்கம். காலைப் பசியாறலும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் பதினோரு மணிக்குச் சாப்பிடுவதை 'பிரஞ்ச்' என்றது 1890களில். புகையும் மூடுபனியும் கலந்த லண்டன் காற்றை 'ஸ்மாக்' என்றது 1905 வாக்கில். ஆனால் நம்முடைய சொல்லில் ஒட்டியிருக்கும் அந்த 'ஃபிளேஷன்' என்ற வாலுக்குத் தனி வரலாறே இருக்கிறது. 1965 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இயன் மெக்லியோட் என்ற கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் எழுந்து, நாட்டில் ஒரு பக்கம் பணவீக்கம், மறுபக்கம் தேக்கம், இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது, இதை 'ஸ்டாக்ஃபிளேஷன்' நிலைமை என்றுதான் சொல்லவேண்டும் என்றார். 1970-இல் அவரே நிதியமைச்சரானார், பதவியேற்ற ஒரு மாதத்திலேயே இறந்தும் போனார். அவர் விட்டுப்போன சொல் மட்டும் 1973 எண்ணெய் நெருக்கடியில் உலகம் முழுக்கப் பரவி, பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து எந்தச் சொல்லோடு வேண்டுமானாலும் 'ஃபிளேஷன்' ஒட்டலாம் என்ற வழி பிறந்தது.

ஷ்ரிங்க்ஃபிளேஷனும் முதலில் பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றிய சொல் இல்லை. பிரையன் டொமிட்ரோவிக் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதைப் பயன்படுத்தியபோது, பொருளாதாரமே சுருங்கிக்கொண்டிருக்க, கூடவே பணவீக்கமும் அடிப்பது என்ற பொருளில்தான் பயன்படுத்தினார். அதாவது மெக்லியோட் சொன்னதன் இன்னும் மோசமான வடிவம். இன்று நாம் புரிந்துகொள்ளும் அர்த்தத்தை அதற்குக் கொடுத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் பிப்பா மால்ம்கிரன் என்ற பொருளாதார நிபுணர். நாடு சுருங்குவதிலிருந்து சாக்லெட் சுருங்குவதற்குச் சொல் இறங்கி வந்துவிட்டது, அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். நாட்டின் மொத்த உற்பத்தி குறைந்தால் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளை கையில் இருக்கும் சாக்லெட் குறைந்தால் அடுத்த நிமிடம் வீடே அறியும். 2022 செப்டம்பரில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதைச் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பைடன், அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பவுல் அன்று வெளியிட்ட காணொளியில் சிப்ஸ் பாக்கெட்டையும் ஐஸ்கிரீமையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத் திட்டினார். ஒரு அதிபர் வாயில் வந்த பிறகு அது துறைச்சொல்லாக எப்படி இருக்கும்!

ஒரு சின்ன வேடிக்கை. இன்ஃபிளேஷனின் மூலம் லத்தீன் மொழியில் 'ஊதுவது' என்ற பொருள் தரும் சொல். ஆக, ஷ்ரிங்க்ஃபிளேஷன் என்றால் ஒரே நேரத்தில் சுருக்கவும் ஊதவும் செய்வது. காற்றடைத்து உப்பவைத்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, அடியில் நாலு துண்டு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்றமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 200 கிராம் பாக்கெட் 4 வெள்ளி, அதாவது 4 ரிங்கிட், என்று வையுங்கள். நூறு கிராம் 2 வெள்ளி. அதை 180 கிராமாக்கி அதே 4 வெள்ளிக்கு விற்றால் எடை 10 விழுக்காடு குறைந்திருக்கிறது, ஆனால் நூறு கிராமின் விலை 2 வெள்ளி 22 சென்னாகி 11 விழுக்காடு ஏறியிருக்கிறது. 160 கிராமாக்கினால் எடைக் குறைவு 20 விழுக்காடு, விலையேற்றம் 25 விழுக்காடு. பாதியாக்கினால் 50 விழுக்காடு குறைவு, விலையோ இரட்டிப்பு. குறைப்பது எவ்வளவு பெரிதாகிறதோ, விலையேற்றம் அதைவிட வேகமாக ஓடும். நம் மூளை குறைந்த எண்ணை மட்டும் பார்த்துச் சமாதானம் ஆகிவிடுகிறது.

இதற்கு உலகமே பார்த்துச் சிரித்த உதாரணம் ஒன்று உண்டு: டோப்லரோன். முக்கோண முக்கோணமாக மலைத்தொடர் மாதிரி இருக்குமே, அந்த சுவிஸ் சாக்லெட். 2016-இல் பிரிட்டனில் அதன் 400 கிராம் கட்டியை 360 கிராமாகவும், 170 கிராம் கட்டியை 150 கிராமாகவும் குறைத்தார்கள். பெட்டியின் நீளம் குறையக்கூடாது, குறைந்தால் தெரிந்துவிடும். அதனால் முக்கோணங்களுக்கு நடுவே இருந்த பள்ளத்தை அகலமாக்கிவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் பல் விழுந்த வாய்தான். சாதாரணமாக எடைக் குறைப்பைக் கண்டுபிடிக்க லேபிளைப் படிக்க வேண்டும், இதில் கண்ணிருந்தால் போதும் என்பதால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து கிளம்பியது. 2018-இல் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டார்கள். மற்ற நிறுவனங்கள் இதிலிருந்து கற்ற பாடம் 'குறைக்காதே' என்பதில்லை, 'தெரிகிற மாதிரி குறைக்காதே' என்பதுதான்.

தெரியாமல் குறைப்பதற்கு அறிவியலும் துணை. 19-ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானியர், கையில் உள்ள எடையில் எவ்வளவு மாற்றினால் மனிதனுக்கு வித்தியாசம் தெரியும் என்று சோதித்துப் பார்த்தார். மாற்றம் மொத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால்தான் கை உணரும், அதற்குக் கீழே உணராது என்று கண்டார். விலையில் பத்து சென் ஏறினால் எண்ணாக எழுதியிருப்பதால் யாரும் படித்துவிடலாம். எடையில் துளி குறைந்தால் கைக்குத் தெரியாது. போத்தலின் அடிப்பக்கத்தை உள்ளே குழித்துவிடுவது, பிஸ்கட் தட்டில் அறைகளுக்கு இடையே இடைவெளி விடுவது, உயரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் மெலிய வைப்பது, எல்லாம் இந்த எல்லைக்குள் நடக்கிற வேலை. கடைத்தட்டில் நமக்குத் தெரிவது முன்பக்கம் மட்டும்தானே. பாக்கெட்டின் தடிமனில் யார் கை வைத்தாலும் தெரியாது.

இன்னொரு காரணம் சில்லறை. இந்தியாவில் ஐந்து ரூபாய் பிஸ்கட், பத்து ரூபாய் சிப்ஸ் என்று ஒரு எண்ணில் ஆணி அடித்துவிட்டதால், விலையை ஐந்தரை ரூபாய் ஆக்க முடியாது, எடையில்தான் கை வைக்க முடியும். இங்கேயும் அப்படித்தான். 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையைப் பக்கத்து ஐந்து சென்னுக்கு மாற்றிக் கணக்கிடுகிறோம், ஒரு சென் காசு கைப்புழக்கத்திலேயே இல்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரு வெள்ளி நோட்டோடு கடைக்கு ஓடுகிறார்கள். அந்த ஒரு வெள்ளிப் பாக்கெட்டை ஒரு வெள்ளி பத்து சென் ஆக்கினால் விற்பனை படுத்துவிடும், ஆனால் உள்ளே இரண்டு துண்டைக் குறைத்தால் எந்தப் பிள்ளையும் எண்ணப்போவதில்லை. பெரிய பாக்கெட் வாங்க ஒரே நேரத்தில் பணம் புரட்ட முடியாத வீடுகள்தான் இந்தச் சின்ன பாக்கெட்டுகளையே நம்பி இருக்கின்றன என்பதால், அடி முதலில் விழுவதும் அங்கேதான்.

இதில் நான் சொல்ல வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஷ்ரிங்க்ஃபிளேஷன் நடக்க வேண்டுமென்றால் பொருள் ஏற்கெனவே கட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, நம் கண் படாத இடத்தில் நிறுக்கப்பட்டிருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்து மளிகைக் கடை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பிஸ்கட் பெரிய சதுரத் தகர டின்னில் வரும். பழைய எடைக் கணக்கில் கால் கட்டி கேட்டால் கடைக்காரர் மூடியைத் திறந்து அள்ளித் தராசில் போடுவார், முள் நடுவில் நிற்கும் வரை ஒன்றிரண்டு சேர்ப்பார், எடுப்பார். ஒரு கட்டி என்றால் கிட்டத்தட்ட 605 கிராம். கிலோ கணக்கைக் கொண்டுவர 1972-இலேயே எடை அளவுச் சட்டம் போட்டும், இன்றைக்கும் பசாரில் மீன் வாங்கும் பாட்டிகள் கட்டிக்கணக்கில்தான் பேசுகிறார்கள். பருப்பும் மிளகாயும் சீனியும் எல்லாம் அப்படித்தான், காகிதத்தில் மடித்து நூல் கட்டிக் கொடுத்து, கணக்கை '555' என்ற சின்னக் கடன் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், சம்பளத்தன்று தீர்ப்பது. அந்த ஏற்பாட்டில் ஏமாற்று இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. படிக்கல்லில் கைவைப்பது, தட்டின் அடியில் புளியை ஒட்டுவது, 555 நோட்டில் ஒரு வரி கூடுதலாக ஏறுவது எல்லாம் ஊரறிந்த கதை. ஆனால் அது திருட்டு, பிடிபட்டால் சட்டப்படி குற்றம், முகத்துக்கு நேரே சண்டை போடலாம். இப்போது நடப்பதில் யாரும் பொய் சொல்லவில்லை. 180 கிராம் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, உள்ளே 180 கிராம்தான் இருக்கிறது. சண்டை போட ஆளே இல்லை.

அதுவும் எடை விஷயத்தில் சாதாரண ஆட்களா நம்மவர்கள்? ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு எடைதான் கூலி. காலையில் வெட்டிய பாலை வாளியோடு தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய், நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்று, பாலில் ரப்பர் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று சோதிப்பதையும் தோட்டத்துக் கணக்கரான கிராணி என்ன எழுதுகிறார் என்பதையும் கண் கொட்டாமல் பார்த்த தலைமுறை அது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பாக்கெட்டைக் கையில் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பதைக் கிண்டல் செய்யாதீர்கள். வீட்டில் அரிசி அளக்கக் கெட்டிப்பால் டின்னைத்தான் வைத்திருந்தார்கள். அந்த டின் மாறினால் உலையில் போடும் அரிசியே மாறிப்போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாப் பொருளும் சுருங்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மானிய விலைச் சமையல் எண்ணெய் ஒரு கிலோ நெகிழிப் பை 2 வெள்ளி 50 சென், எடையும் விலையும் அரசு கட்டியது. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. இப்படிப்பட்ட பொருளில் எடையைக் குறைக்க வழியில்லை. அங்கே நெருக்கடி வேறு மாதிரி வரும்: பாக்கெட் சுருங்காது, பாக்கெட்டே கிடைக்காது. 2023-இல் உள்ளூர் அரிசிக்கு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் நினைவிருக்கும், தட்டு காலி, ஒரு வீட்டுக்கு இத்தனை பைதான் என்று அட்டை எழுதி மாட்டினார்கள். சுருங்குவதா, மறைவதா என்று கேட்டால் எனக்குச் சுருங்குவதே தேவலை என்று படும், ஆனால் இது விவாதத்துக்குரியது.

அப்புறம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய். ஒட்டுக்கடையில் மாவு உருண்டை சின்னதாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது என்று எல்லோருமே சொல்கிறோம். அது ஷ்ரிங்க்ஃபிளேஷனா? விலையும் சேர்ந்து ஏறுவதை அடக்கிய அர்த்தத்தில் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் ரொட்டி சானாய்க்கு இத்தனை கிராம் என்று யாரும் எப்போதும் வாக்குக் கொடுத்ததில்லை. உருட்டுகிறவர் கையளவுதான் அளவு. போட்டுத் தருபவர் முகம் எதிரிலேயே இருப்பதால் "என்ன அண்ணே, ரொட்டி அப்பளமாயிடுச்சு" என்று கேட்டுவிடலாம், அவரும் மாவு விலையைச் சொல்லி அழுதுவிடுவார். கணக்கு அங்கேயே தீர்ந்தது.

அளவைத் தொடாமல் தரத்தில் கைவைத்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு. 2021-இல் அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலியைச் சேர்ந்த கிரெக் ரோசல்ஸ்கி 'ஸ்கிம்ப்ஃபிளேஷன்' என்றார். 'ஸ்கிம்ப்' என்றால் கஞ்சத்தனமாகக் குறைப்பது. ஹோட்டலில் தினமும் படுக்கை விரிப்பு மாற்றாமல் அதே வாடகை வாங்குவதும், ஃபோனில் உதவி கேட்டால் ஒரு மணி நேரம் பாட்டுப் போடுவதும் இதில் சேரும். பிஸ்கட்டிலும் உண்டு. 2025-இல் பிரிட்டனில் பெங்குவின், கிளப் என்ற இரண்டு பழைய பிஸ்கட்டுகளைச் 'சாக்லெட் பிஸ்கட்' என்று சொல்ல முடியாமல் 'சாக்லெட் சுவை' என்று லேபிளை மாற்ற வேண்டியதாயிற்று, ஏனென்றால் கோக்கோவைக் குறைத்து அந்த இடத்தில் வேறு கொழுப்பைச் சேர்த்துவிட்டார்கள். அந்த வேறு கொழுப்பில் செம்பனை எண்ணெயும் அடக்கம். நம் ரோட்டில் குலை ஏற்றிப் போகும் லாரிக்கும் லண்டன்காரர் தேநீரோடு கடிக்கும் பிஸ்கட்டுக்கும் இப்படியும் உறவு.

நிறுவனங்களுக்கு நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 2023 தொடக்கத்தில் டன் சுமார் 2,500 டாலராக இருந்த கோக்கோ, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் மழையும் மரநோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததுதான் காரணம். செம்பனை எண்ணெயும் அப்படித்தான். 2022 மார்ச்சில், உக்ரேன் போர் தொடங்கி சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடைபட்ட சமயத்தில், டன் 7,000 வெள்ளிக்கு மேல் போனது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியையே சில வாரங்களுக்கு நிறுத்தியது. குலை விலை ஏறினால் சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதே எண்ணெய் பிஸ்கட், மீ (நூடுல்ஸ்), சோப்பு எல்லாவற்றிலும் இருப்பதால், ஒரு பக்கம் வந்தது மறுபக்கம் கடையில் போய்விடும். கூலிக்குக் குலை வெட்டுபவருக்கு வரவும் இல்லை, செலவு மட்டும் மிச்சம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மூலப்பொருள் விலை ஏறும்போது பாக்கெட் சுருங்குகிறது, இறங்கும்போது அதே வேகத்தில் விரிவதில்லை. 2017-இல் பிரிட்டிஷ் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் ஐந்தாண்டுக் கணக்கு எடுத்தபோது 2,529 பொருட்கள் அளவில் குறைந்திருந்ததைக் கண்டது, அதில் சாக்லெட், இனிப்பு வகைகளும் கணிசம். அந்தக் காலத்தில் சர்க்கரை விலை பெரும்பாலும் இறங்குமுகம். அந்த அலுவலகம் மொத்தப் பணவீக்கத்தில் இதனால் பெரிய மாற்றமில்லை என்றும் சொன்னது, அதுவும் உண்மைதான். ஏனென்றால் விலைக் குறியீடு போடும் நிபுணர்கள் எடையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களிடம் இந்த வித்தை பலிக்காது. பலிப்பது, கையில் பிள்ளையையும் கூடையையும் பிடித்துக்கொண்டு கடையில் நிற்பவரிடம்தான்.

சில நாடுகள் இதற்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. பிரான்சில் கார்ஃபூர் பேரங்காடி 2023 செப்டம்பரில் தானே முன்வந்து, சுருங்கிய பொருட்களின் தட்டில் இன்ன பொருளின் எடை குறைந்திருக்கிறது என்று அட்டை மாட்டியது, பொருளை அனுப்பும் நிறுவனங்களை வெட்கப்பட வைக்கத்தான். 2024 ஜூலை 1 முதல் அது அந்நாட்டில் விதியாகவே ஆனது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், அளவு குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு அறிவிப்பு வைக்கவேண்டும். அடுத்த மாதமே தென்கொரியா, அறிவிக்காமல் அளவைக் குறைக்கும் தயாரிப்பாளருக்கு அபராதம் என்றது. கொரியாவின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது, குறைத்தவன் சொல்லட்டும் என்பதுதான் முறை, கடைக்காரர் தலையில் கட்டுவது சரியில்லை.

நம் கையில் இருப்பது லேபிள். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி பாக்கெட்டில் நிகர எடை போட்டாகவேண்டும். 'பெராட் பெர்சே' என்று மலாயில் எழுதியிருக்கும், பெரும்பாலும் மூலையில் பொடி எழுத்தில். கைப்பேசியில் கணக்கிடும் வசதி இருக்கிறது. விலையை கிராமால் வகுத்து நூறால் பெருக்கினால் நூறு கிராமின் விலை வந்துவிடும். அந்த எண்ணை ஃபோனிலேயே குறித்து வைத்தால் மூன்று மாதம் கழித்து ஒப்பிடலாம், பாக்கெட்டின் படத்தை எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்றும் நம்ப வேண்டாம். 'குடும்ப பாக்கெட்', 'சிக்கனப் பாக்கெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வகுத்துப் பார்த்தால் சில சமயம் சின்னதைவிட விலை கூடுதலாக இருக்கும்.

லேபிளே இல்லாத இடம் ஒன்று உண்டு, தீபாவளி முறுக்கு. வீட்டில் செய்து விற்கும் ஆண்ட்டிகள் போத்தல் கணக்கில்தான் ஆர்டர் எடுக்கிறார்கள், சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல், அதுவும் வருடா வருடம் கடையில் வெவ்வேறு அளவில் வருகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே "போத்தலில் எத்தனை முறுக்கு, ஆண்ட்டி?" என்று கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எண்ணிக்கை அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.